ஐன்ஸ்டீனுக்கு இன்னும் பரீட்சை உண்டு

விருதுநகரிலும் சிவகாசியிலும் சாத்தூரிலும் கற்றறிந்தோர் கூடிப் பேசும் இடங்களில் ஈர்ப்பலைகளைப் பற்றிய பேச்சு எழுமானால், அது எங்கே தொடங்கினாலும் பெரும்பாலும் ஒரே தீர்ப்பில் போய் நிற்பதைக் கவனித்து வருகிறேன். வெளியையே நெளியச் செய்து பரவும் ஈர்ப்பலைகள் உண்டென்று ஐன்ஸ்டீன் 1916இல் சொன்னார். அமெரிக்காவில் 2015இல் கண்டார்கள். 2017இல் நோபல் பரிசும் வழங்கியாயிற்று. சொன்னவர் சொன்னது மெய்யென்று நிரூபணமான பின், மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்திலே 2600 கோடி ரூபாய் செலவில் அதே காரியத்துக்கு மீண்டும் ஒரு கருவி நிறுவுவது, வறியவர் நிறைந்த தேசத்துக்குத் தகாத ஆடம்பரம். அதிலும், வானம் பொய்த்த கரிசலில் பட்டாசும் தீப்பெட்டியும் நாட்காட்டியும் செய்து காலந்தள்ளும் நமக்கு அதனால் எள்ளளவும் சம்பந்தம் இல்லை என்பதே அந்தத் தீர்ப்பு. இதைச் சொல்பவர்கள் அறியாதவர்கள் அல்லர். நல்ல எண்ணம் இல்லாதவர்களும் அல்லர். இந்த மண்ணின் கஷ்டத்தை உணர்ந்தவர்களே இப்படிப் பேசுகிறார்கள். ஆயினும் இந்த அபிப்பிராயம் முன்பாதியிலும் தவறு, பின்பாதியிலும் தவறு என்று நான் திடமாகக் கருதுவதால், அதை மறுத்து எழுதுவது என் கடமை என்று கொள்கிறேன்.

முன்பாதியை முதலில் எடுத்துக்கொள்வோம். 2015ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் நடந்தது யாது? ஏறக்குறைய 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில், ஒன்று சூரியனைப்போல் 36 மடங்கும் மற்றொன்று 29 மடங்கும் நிறையுள்ள இரு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி நெருங்கி ஒன்றாகக் கலந்தபோது, மூன்று சூரியன்களின் நிறைக்குச் சமமான சக்தி ஈர்ப்பலையாக வெளிப்பட்டுப் பிரபஞ்சமெங்கும் பரவ, அந்த அலை அமெரிக்காவில் லிவிங்ஸ்டன் என்னும் ஊரிலிருந்த லைகோ கருவியையும், 7 மில்லிவினாடி கழித்து ஹான்ஃபோர்டில் இருந்த கருவியையும் அசைத்துச் சென்றது. அக்கருவிகளின் நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள கைகளில் அது உண்டாக்கிய மாற்றம், ஒரு புரோட்டானின் விட்டத்தில் சில நூறில் ஒரு பங்கே. இவ்வளவு நுட்பமான அளவை மனித குலம் அதற்கு முன் எந்தத் துறையிலும் எய்தியதில்லை. செய்தித்தாள்கள் அதனை ‘ஐன்ஸ்டீன் சொன்னது உண்மை’ என்ற தலைப்பில் வெளியிட்டன; அத்தலைப்பே நம்மவர் மனத்தில் முடிவுரையாகப் பதிந்துவிட்டது.

ஆனால் ஈர்ப்பலைகள் உண்டு என்பதில் பௌதிக வல்லுநர்களுக்கு அன்றைக்கே ஐயம் இருக்கவில்லை. 1974இல் ஹல்ஸ், டெய்லர் என்ற இருவர் கண்டுபிடித்த இரட்டை நட்சத்திரம், ஈர்ப்பலைகளால் சக்தியை இழக்குமானால் எவ்வளவு சுருங்க வேண்டுமோ அவ்வளவே ஆண்டுதோறும் தன் பாதையில் சுருங்கி வருவது தெளிவாகியிருந்தது. அதற்காக அவர்களுக்கு 1993இல் நோபல் பரிசும் கிடைத்திருந்தது. எனவே 2015இல் கிடைத்த அரும்பேறு, அலை இருக்கிறது என்ற செய்தியன்று; அந்த அலையை நேரே ஏற்று, அதன் ஒவ்வொரு நெளிவையும் அளந்து, ஐன்ஸ்டீனின் சமன்பாடுகள் எங்கே பிழைபடுகின்றன என்று தேடுவதற்கு ஒரு சாதனம் கைக்கு வந்தது என்பதே. சாதனம் கிடைத்த நாளை வேலை முடிந்த நாளாகக் கொள்வது எவ்வளவு பெரிய மயக்கம் என்பதைப் பட்டறை வைத்திருக்கும் எவரும் அறிவார்.

பிழையைத் தேடுவதா, அதுவும் இத்தனை பரீட்சைகளில் தேறிய சித்தாந்தத்திலா என்று கேட்கலாம். இதே கேள்வியை 1859இல் நியூட்டனைக் குறித்தும் கேட்டிருக்கக் கூடும். அவருடைய ஈர்ப்பு விதி வியாழனையும் சனியையும் சந்திரனையும் வால்நட்சத்திரங்களையும் கணக்குப் பிசகாமல் நடத்திக் காட்டி, கண்ணுக்குப் புலப்படாதிருந்த நெப்டியூனின் இருப்பிடத்தையும் 1846இல் சுட்டிக் காட்டிய விதி. அந்த நெப்டியூனைக் கணித்த லெவெரியே, புதன் கிரகத்தின் நீள்வட்டப் பாதை மெல்லத் திரும்புவதில் நியூட்டனின் கணக்குக்கு அடங்காத ஒரு மிச்சம் இருப்பதை எடுத்துக் காட்டினார். இன்றைய அளவின்படி அந்த மிச்சம் நூறாண்டுக்கு 43 விகலை. ஒரு பாகையை 3600 கூறிட்டால் ஒரு கூறுதான் விகலை. இத்தனை அற்பமான மிச்சத்தைப் பொருட்படுத்தாது விட்டுவிடலாம் என்று உலகம் முடிவு செய்திருந்தால், 1915 நவம்பரில் ஐன்ஸ்டீன் தம் புதிய சித்தாந்தத்தால் அந்த 43 விகலையை அப்படியே வருவித்தபோது, அதன் அருமையை அறிய ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். நூறு பரீட்சைகளில் தேறியதனால் ஒரு சித்தாந்தம் நூற்றோராவது பரீட்சையிலிருந்து விலக்குப் பெற்றுவிடுவதில்லை.

ஐன்ஸ்டீனின் சித்தாந்தம் எங்கோ ஓரிடத்தில் தோற்றே தீர வேண்டும் என்று நினைப்பதற்கு அந்தச் சித்தாந்தத்தின் உள்ளேயே காரணம் உண்டு. கல்கத்தாவில் இருந்த அமல்குமார் ராய்சௌதுரி 1955இல் வெளியிட்ட சமன்பாட்டையும், அதைக் கருவியாகக் கொண்டு பென்ரோஸ் 1965இல் நிறுவிய தேற்றத்தையும் பின்பற்றிச் சென்றால், கருந்துளைக்குள்ளே காலமும் வெளியும் முடிவுற்று, கணக்கே நின்றுபோகும் ஓர் எல்லையை அடைகிறோம். தன் சமன்பாடுகள் செல்லாத இடத்தைத் தானே காட்டிக் கொடுக்கும் சித்தாந்தம் அது. அணுவுலகை ஆளும் குவாண்டம் கொள்கையோடு அது இணங்குவதில்லை. 1998இல் தூரத்து நட்சத்திர வெடிப்புகளை ஆராய்ந்தவர்கள் பிரபஞ்சத்தின் விரிவு வேகமடைந்து வருவதைக் கண்டார்கள். அதற்குக் காரணமென்று சொல்லப்படும் ‘இருள் சக்தி’ இன்னதென்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. அது உண்மையில் ஒரு சக்தியா, அல்லது பெருந்தூரங்களில் ஐன்ஸ்டீனின் ஈர்ப்பு விதியே வேறுபடுகிறதா என்ற வினா எழுந்து, வித்துவான்கள் நூற்றுக்கணக்கான மாற்றுச் சித்தாந்தங்களை வகுத்து வைத்திருந்தார்கள். அவற்றுள் எது மெய், எது பொய் என்று பிரித்தறிய வழியின்றி ஏறக்குறைய இருபது வருஷம் கழிந்தது.

2017 ஆகஸ்டு 17ஆம் தேதி அந்த வழி திறந்தது. இந்த நிகழ்ச்சியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏனெனில் ‘பரீட்சை முடிந்தது’ என்ற கூற்றுக்கு இதைவிடத் தக்க மறுப்பு வேறு இல்லை.

சிவகாசியில் வாழ்பவர்களுக்கு ஓர் அனுபவம் சொல்லாமலே தெரியும். தூரத்தில் ஒரு வெடி வெடித்தால் முதலில் வெளிச்சம் கண்ணில் படும். ஓசை பிந்தி வரும். கிலோமீட்டருக்கு மூன்று வினாடி என்ற கணக்கில், ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் வெடித்தது பதினைந்து வினாடி கழித்துக் காதில் விழும். ஒரே சம்பவத்திலிருந்து ஒரே சமயத்தில் புறப்பட்ட இரண்டு தூதுகள் முன்பின்னாக வந்து சேர்வதைக் கொண்டு, அவற்றின் வேகங்களை ஒப்பிட்டுவிடலாம். அதே நியாயந்தான் அன்றைக்கு வானத்தில் நடந்ததற்கும். ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில், என்.ஜி.சி. 4993 என்ற நட்சத்திர மண்டலத்தில், இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதிக் கலந்தன. அவற்றின் ஈர்ப்பலை முதலில் வந்து சேர்ந்தது; ஏறக்குறைய 1.7 வினாடிக்குப் பிறகு ஃபெர்மி என்னும் செயற்கைக்கோள் அதே திசையிலிருந்து காமா ஒளியின் ஒரு சிறு வீச்சைப் பதிவு செய்தது. 13 கோடி ஆண்டு என்பது 41 கோடி கோடி வினாடி. அவ்வளவு காலம் பயணம் செய்த இரண்டு தூதுகள் இரண்டு வினாடி வித்தியாசத்துக்குள் வந்து சேர்ந்திருக்கின்றன; அந்தச் சிறு வித்தியாசமும், மோதல் நடந்து சற்றுப் பொறுத்தே ஒளி புறப்பட்டதனால் விளைந்திருக்கலாம். ஈர்ப்பலையின் வேகமும் ஒளியின் வேகமும் ஒன்றுக்குப் பின் பதினைந்து சைபரிட்ட எண்ணில் சில பங்கு அளவுக்கு ஒத்திருக்கின்றன என்பது இதனால் விளங்கிற்று.

இதன் விளைவை நம்மவர் அறிய வேண்டும். இருள் சக்தியை விளக்க வகுக்கப்பட்டிருந்த சித்தாந்தங்களில் பல, ஈர்ப்பலையின் வேகம் ஒளியின் வேகத்திலிருந்து வேறுபடும் என்று விதித்திருந்தன. வருஷக்கணக்கில் உழைத்து, கணிதத்தில் குற்றங்காண முடியாதபடி கட்டப்பட்டிருந்த அந்த மாளிகைகள், அந்த இரண்டு வினாடியில் இடிந்து விழுந்தன. அவ்வாண்டு முடிவதற்குள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நான்கு குழுவினர் தனித்தனியே எழுதிய கட்டுரைகள், எவையெவை வீழ்ந்தன, எவையெவை பிழைத்தன என்று பட்டியலிட்டுவிட்டன. ஒளிராமல் ஈர்ப்பால் மட்டுமே அறியப்படுவதாகச் சொல்லப்படும் ‘இருள் பொருள்’ என்று ஒன்று இல்லை, ஈர்ப்பு விதியைத் திருத்தினால் போதும் என்று சொன்ன சித்தாந்தங்களில் ஒரு பெரும் வகுப்பு இதே சோதனையில் தோற்றதைக் காட்டிய கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவர், ஹைதராபாத் ஐ.ஐ.டி.யில் பணியாற்றும் சாந்தனு தேசாய். இது ‘ஐன்ஸ்டீன் மறுபடியும் தேறினார்’ என்ற ஒற்றை வாக்கியத்தில் அடங்கும் செய்தியா? பரீட்சையின் பயன் தேறியவருக்கு மாலை சூட்டுவதில் இல்லை. தோற்றவற்றை இன்னவையென்று ஐயமற அறிவிப்பதில் இருக்கிறது. தோல்விக்கு இடமே இல்லாத பரீட்சை வெறும் சடங்காகும்.

இங்கே ஒரு விஷயத்தை இடையில் சொல்லிச் செல்ல ஆசைப்படுகிறேன். அந்த மோதலிலிருந்து வெளிவந்த ஒளியைச் சிலி நாட்டுத் தொலைநோக்கியால் நிறம் நிறமாகப் பிரித்து ஆராய்ந்தவர்கள், அதில் ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமம் புதிதாக உண்டாகியிருந்ததற்கான அடையாளத்தை 2019இல் வெளியிட்டார்கள். நம் ஊரில் வானவேடிக்கையின் சிவப்பு நிறத்துக்கு மருந்தோடு சேர்ப்பது ஸ்ட்ரான்ஷியத்தின் உப்பைத்தான். பூமியிலுள்ள ஸ்ட்ரான்ஷியத்தின் பெரும்பகுதி முதிர்ந்த நட்சத்திரங்களுக்குள் மெதுவாக உண்டானது; ஒரு பகுதி இத்தகைய மோதல்களில் பிறந்தது. நமக்கும் அந்த ஆராய்ச்சிக்கும் எள்ளளவும் சம்பந்தம் இல்லை என்று சொல்பவர்கள், மருந்து அறையில் நிறை போட்டு எடுக்கும் பொருளின் பிறப்பையே அந்த ஆராய்ச்சி தேடிச் சென்றிருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கருந்துளைகளைக் கொண்டு நடத்தும் பரீட்சை இதைவிட ஆழமானது. இரு கருந்துளைகள் கலந்து ஒன்றானவுடன், புதிதாகப் பிறந்தது சிறிது நேரம் அதிர்ந்து, அந்த அதிர்வு தேய்ந்து அடங்கும் என்பதை 1970இல் கணித்துக் காட்டியவர் நம் தேசத்தவரான சி. வி. விஸ்வேஸ்வரா. அந்த அதிர்வின் சுருதிகளை 1975இல் டெட்வைலரோடு சேர்ந்து கணக்கிட்டவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துப் பத்தொன்பது வயதில் கப்பலேறிச் சென்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். ஐன்ஸ்டீனின் சித்தாந்தத்தின்படி அச்சுருதிகளை நிர்ணயிப்பவை கருந்துளையின் நிறையும் சுழற்சியும் மட்டுமே. மூன்றாவது ஒன்றுக்கு அங்கே இடமில்லை. ஆகவே ஒரு சுருதியை அளந்தால் நிறையும் சுழற்சியும் தெரிந்துவிடும். இரண்டாவது சுருதியை அளந்தால் அதுவும் அதே நிறையையும் அதே சுழற்சியையும் சொல்லியாக வேண்டும். வேறொன்று சொல்லுமானால், அங்கே இருப்பது நாம் நினைத்த கருந்துளை அன்று, அல்லது நாம் நம்பிய ஈர்ப்பு விதி அன்று. தப்பிப்பதற்குச் சந்து பொந்து இல்லாத பரீட்சை இது. 2025 ஜனவரி 14இல் வந்த அலை, பத்தாண்டில் கருவிகள் அடைந்த முன்னேற்றத்தால், அதற்கு முன் கேட்ட எதனையும்விடத் தெளிவாகக் கேட்டது, அதில் இரண்டு சுருதிகளைப் பிரித்தறிய முடிந்தது, இரண்டும் ஒத்திருந்தன. கருந்துளைகள் கலக்கும்போது அவற்றின் மொத்தப் பரப்பு குறைய இயலாது என்று ஹாக்கிங் 1971இல் கூறியதும் அதே அலையால் சோதிக்கப்பட்டது. கலப்பதற்கு முன் இரண்டின் பரப்பும் சேர்ந்து சுமார் 2,40,000 சதுர கிலோமீட்டர், கலந்தபின் சுமார் 4,00,000; அதாவது இரண்டு தமிழ்நாட்டுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது மூன்று தமிழ்நாடாக வளர்ந்தது. 54 ஆண்டுக்கு முன் காகிதத்தில் எழுதப்பட்ட ஒரு தேற்றம் இப்போது உறுதியாக அளக்கப்பட்ட மெய்ம்மையாகிவிட்டது. ‘2015லேயே எல்லாம் முடிந்தது’ என்போர் 2025இல் நடந்த இதை எந்தக் கணக்கில் எழுதப் போகிறார்கள்?

இத்தகைய பரீட்சைகளுக்கு ஒழுங்கான முறை வகுத்ததிலும் நம்மவருக்குப் பங்குண்டு. கருந்துளைகள் நெருங்கும்போது எழும் அலையின் வடிவத்தைப் பல உறுப்புகள் கொண்ட ஒரு தொடராக எழுதலாம். ஐன்ஸ்டீனின் சித்தாந்தத்தில் அவ்வுறுப்புகள் அனைத்தும் இரண்டு நிறைகளுக்குக் கட்டுப்பட்டவை. ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே அளந்து, எல்லாம் ஒரே நிறைகளைக் காட்டுகின்றனவா என்று பார்க்கலாம் என்ற யுக்தியை 2006இல் முன்வைத்தவர்களுள், இன்று சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனத்தில் பணியாற்றும் கே. ஜி. அருண், பெங்களூரில் இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த பாலா ஐயர், பி. எஸ். சத்தியப்பிரகாஷ் ஆகியோர் இருக்கிறார்கள். முதல் அலை அகப்படுவதற்கு ஒன்பது ஆண்டுக்கு முன்பே அதை வினவ வேண்டிய கேள்விகள் இந்தியர் கையால் எழுதப்பட்டிருந்தன.

விஞ்ஞானிகள் தங்களுக்குச் சாதகமானதையே காண்பார்கள் என்று ஓர் ஆட்சேபணையும் கேட்டிருக்கிறேன். அதற்கு நீண்ட விடை வேண்டியதில்லை. ஜோசஃப் வெபர் 1969இல் ஈர்ப்பலையைக் கண்டதாக அறிவித்தபோது மற்றவர்கள் சோதித்துப் பார்த்து நிராகரித்தார்கள். 2014 மார்ச்சில் தென் துருவத்திலிருந்து ஒரு குழு, பிரபஞ்சப் பிறப்பின் ஈர்ப்பலைச் சுவடு அகப்பட்டதாக அறிவித்தது. அடுத்த ஆண்டிலேயே, அந்தச் சுவட்டுக்கு நம் பால்வீதியின் தூசியே போதிய காரணம் என்பதை அதே குழு பிறரோடு சேர்ந்து உலகறிய ஒப்புக்கொண்டது. இந்த ஒழுக்கம் வேறு எத்தனை துறைகளில் இருக்கிறது என்று கேட்டவர்களே சொல்லட்டும்.

இனிப் பின்பாதிக்கு வருவோம். பரீட்சை தொடரட்டும், அதை அமெரிக்கர் நடத்திக்கொள்ளட்டும், நாம் ஏன் 2600 கோடி கொடுக்க வேண்டும் என்பது அது. இக்கேள்விக்கு மானத்தையோ பெருமையையோ காட்டி விடை சொல்ல நான் விரும்பவில்லை. பௌதிகமே விடை சொல்கிறது. ஐன்ஸ்டீனின் சித்தாந்தப்படி ஈர்ப்பலை வெளியை இரண்டே விதமாக நெளிக்க முடியும்; மாற்றுச் சித்தாந்தங்கள் ஆறு விதம் வரை இடங்கொடுக்கின்றன. எத்தனை விதம் என்று கண்டறிவது ஈர்ப்பின் அடிப்படை இயல்பையே கண்டறிவதாகும். அமெரிக்காவிலுள்ள இரண்டு கருவிகளும் ஏறக்குறைய ஒரே போக்கில் அமைந்தவை. ஆகையால் அவை இரண்டும் ஒரே விதமான நெளிவையே பெரும்பாலும் உணர்கின்றன. எத்தனை ஆண்டு கேட்டாலும் அவை மட்டும் இதற்கு விடை கூறா. இத்தாலியிலுள்ள விர்கோ 2017 ஆகஸ்டில் சேர்ந்துகொண்ட பிறகே அந்தக் கேள்வியை எழுப்பவேனும் முடிந்தது. அவற்றிலிருந்து வெகுதூரத்தில், வேறொரு போக்கில், அதே நுட்பத்தோடு ஒரு கருவி வேண்டும். அது இந்தியாவின் நிலப்பரப்பில் அமைவது மிகப் பொருந்துகிறது. ஹிங்கோலி மாவட்டத்து ஔண்டா நாகநாத் அருகே அமையவிருக்கும் லைகோ–இந்தியா, அமெரிக்கக் கருவியின் பிரதி என்று எண்ணுவது பிழை. அமெரிக்கக் கருவிகளால் தனித்துச் செய்ய இயலாத பரீட்சையை இயலச் செய்யும் உறுப்பு அது. அதன் உட்கருவிகளில் முக்கியமானவற்றை அமெரிக்கர் தம்மிடமிருந்தே தர முன்வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2016இல் கொள்கையளவிலும் 2023 ஏப்ரலில் முழுமையாகவும் மத்திய அமைச்சரவை இசைந்த இத்திட்டத்தின் செலவைத் தேசத்தின் 140 கோடி மக்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு 19 ரூபாய். அதுவும் ஓராண்டுச் செலவன்று, பல ஆண்டுக்கு உரியது.

பத்தொன்பது ரூபாயானாலும் அது மருந்தறையில் கருகிச் சாகும் தொழிலாளிக்குப் போகட்டும் என்று சொல்பவர்களுக்கு முன்னால் நான் குரலைத் தாழ்த்தியே பேச வேண்டும். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 உயிர்கள் போயின. அதற்குப் பிறகும் வருஷந்தோறும் வெம்பக்கோட்டைப் பக்கமும் சாத்தூர்ப் பக்கமும் அழுகுரல் எழாமல் இருந்ததில்லை. ஆனால் அந்தச் சாவுகளுக்குக் காரணம் என்ன என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும். மணிமருந்து உராய்ந்தால் தீப்பிடிக்கும் என்பது தெரியாமலா போயிற்று? ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி எழுதப்படாமலா இருந்தது? உரிமம் பெற்றவர் அறைகளை உள்குத்தகைக்கு விடுவதும், அனுமதித்த அளவுக்கு மேல் மருந்தைக் குவிப்பதும், மரத்தடியிலே வேலை வாங்குவதும், தீபாவளி நெருங்க நெருங்க எல்லா விதியும் தளர்வதும் பணமில்லாமையால் நேர்ந்தவை அல்ல, மனமில்லாமையால் நேர்ந்தவை. ஈர்ப்பலைக் கருவியை நிறுத்திவிடுவதால் இவற்றில் ஒன்றேனும் திருந்தும் என்று நிரூபிக்க ஒருவர் முன்வருவாரானால், இந்தக் கட்டுரையை நான் இத்துடன் நிறுத்திக்கொள்வேன். தொழிலாளியின் துயரத்தை அவனுக்கு நியாயம் கேட்பதற்காக எடுத்துப் பேசுவது தர்மம். கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் எதிரான வாதமாக அதைத் திருப்புவது, அந்தத் தொழிலாளியின் மகனுக்கே செய்யும் தீங்கு.

மலைக்கு அப்பால் தேனி மாவட்டத்தில் நடந்தது இங்கே பலருக்கு நினைவு வரும். பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. கடும் எதிர்ப்பு எழுந்தது. 2022இல் மாநில அரசு அத்திட்டம் வேண்டாமென்று உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. எதிர்த்தவர்களை ஏளனம் செய்வோருடன் நான் சேர மாட்டேன். மேற்குத் தொடர்ச்சி மலையும் அதன் நீரும் காடும் சாதாரணமான செல்வங்கள் அல்ல. அவற்றைக் குறித்து அஞ்சியவர்களுக்கு அவர்கள் மொழியில், தொடக்கத்திலேயே, பொறுமையோடு விளக்கம் சொல்லாமல் விட்டது திட்டம் வகுத்தவர்களின் பெருங்குறை. எனினும் ஓரிடத்தைக் குறித்து எழுந்த அந்த வழக்கிலிருந்து, அடிப்படைப் பௌதிகமே தென் மாவட்டத்தாருக்கு அந்நியமானது என்ற பொதுவிதியை உண்டாக்கிக்கொள்வது தர்க்கத்துக்குப் பொருந்தாது.

பொருந்தாது என்பதற்கு இந்த மண்ணின் சரித்திரமே சாட்சி. விருதுநகரில் பிறந்து, சிறுவயதிலேயே பள்ளியை விட்டு நின்ற காமராஜர், 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்து, ஊர்தோறும் பள்ளியும் பள்ளிதோறும் சோறும் கொடுத்ததை எல்லோரும் சொல்கிறோம். அதே ஆட்சியில், 1962 ஜனவரி 3ஆம் நாள், சந்திரசேகரின் முன்னிலையில், அல்லாடி இராமகிருஷ்ணனைத் தலைவராகக் கொண்டு சென்னையில் கணித அறிவியல் நிறுவனம் தொடங்கப்பெற்றதை ஏனோ சொல்வதில்லை. அன்றைக்குச் சென்னை மாநிலத்தில் இருந்த வறுமை இன்றைக்கு விருதுநகர் மாவட்டத்தில் இருப்பதைவிடப் பன்மடங்கு கொடியது. சோறு முதலில், கணிதம் பிறகு என்று அந்த அரசாங்கம் வரிசை போடவில்லை. இரண்டையும் ஒரே கையால் செய்தது. அந்த நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் இன்று பூனாவுக்கு அருகிலுள்ள பெரிய வானொலித் தொலைநோக்கியைக் கொண்டு துடிப்பு நட்சத்திரங்களின் தாளத்தை ஆண்டுக்கணக்கில் அளக்கும் குழுவில் இருக்கிறார்கள். ஓர் அலை கடந்து செல்லவே வருஷங்கள் பிடிக்கும் நெடிய ஈர்ப்பலைகள் பிரபஞ்சத்தை நிறைத்திருப்பதற்கான சான்றினை 2023 ஜூனில் உலகத்தின் பல குழுக்கள் ஒருசேர வெளியிட்டபோது, ஐரோப்பியரோடு இணைந்து வெளியிட்டது அந்த இந்தியக் குழு. அவ்வலைகள் பெருங்கருந்துளைகளின் இணைகளிலிருந்து வந்தனவா, பிரபஞ்சம் பிறந்த காலத்தில் நேர்ந்த ஏதோ ஒரு மாறுதலின் எச்சமா என்பது தீரவில்லை. பின்னதானால், எந்த ஒளியைக் கொண்டும் எட்டிப் பார்க்க முடியாத காலத்தின் செய்தி அது. ஏனென்றால் பிரபஞ்சம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டு வரை ஒளி தடையின்றிச் செல்ல இயலவில்லை. அந்தத் திரைக்கு அப்பாலிருந்து செய்தி கொண்டுவர வல்லவற்றுள் தலையாயது ஈர்ப்பலை.

கடைசியாக, ‘நமக்கு எட்டாதது’ என்ற சொல்லுக்கும் விடை கூறிவிடுகிறேன். லைகோ கருவிகள் பதிவு செய்த தரவுகள் பொதுச் சொத்தாக இணையத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன; அவற்றை எடுக்க யாருடைய சிபாரிசும் வேண்டியதில்லை, காசும் வேண்டியதில்லை; ஆராயும் முறைகளைக் கற்பிக்கும் பாடங்களும் அவற்றோடு கூடவே உள்ளன. பல ஆண்டுகள் பிளஸ் டூ தேர்வில் மாநிலத்தின் முதலிடத்தை விடாமல் வைத்திருந்த மாவட்டம் இது. 1947இல் விருதுநகரில் தொடங்கிய செந்திக்குமார நாடார் கல்லூரியிலும், 1963இல் சிவகாசியில் தொடங்கிய அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியிலும் பௌதிகம் படிக்கும் மாணவர், சாதாரணக் கணினி ஒன்றை வைத்துக்கொண்டு, 2015 செப்டம்பர் 14இன் தரவை இறக்கி, இரைச்சலை வடிகட்டி, ஐந்தில் ஒரு வினாடியில் 35 அதிர்விலிருந்து 250 அதிர்வுக்கு ஏறிச் செல்லும் அந்த அலையைத் தாமே வெளிப்படுத்திப் பார்க்கலாம். அதன் உறுப்புகளை ஐன்ஸ்டீனின் கணக்கோடு ஒப்பிட்டு, எங்கேனும் மிச்சம் இருக்கிறதா என்றும் தேடலாம். நம் கல்லூரி நிர்வாகிகளும் பேராசிரியர்களும் இதை ஒரு பருவத்துப் பயிற்சியாக ஏற்று, விளக்கங்களைத் தமிழில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அச்சகத்துக்குச் சிவகாசியில் பஞ்சமில்லை.